நீளமான உடற்கூற்றுச் சொற்களைப் பதம் பிரித்து வாசிப்பது எப்படி?

நர்சிங், பிசியோதெரபி முதலாண்டு மாணவர்களைக் கதிகலங்க வைக்கும் ஒரு சொல்: ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட். கழுத்துத் தசை ஒன்றின் பெயர் இது. ஆங்கிலத்தில் 19 எழுத்துகள். பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் படித்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

படி 1: வாலைப் பிடியுங்கள். கடைசியில் 'ஆய்ட்' என்று வந்தால் 'அதைப் போன்ற வடிவம்' என்று பொருள். தோளில் இருக்கும் டெல்டாய்ட் தசை, கிரேக்க டெல்டா எழுத்தைப் போல முக்கோணமானது.

படி 2: 'ஓ' வருகிற இடத்தில் வெட்டுங்கள். ஸ்டெர்னோ, க்ளைடோ, மாஸ்டாய்ட். இந்த 'ஓ'வுக்குத் தனியாகப் பொருள் இல்லை. நம் சாரியை மாதிரி இரண்டு சொற்களை ஒட்டவைக்கிறது, அவ்வளவுதான். உயிரெழுத்தில் தொடங்கும் விகுதி வந்தால் ஓடிவிடும். இரைப்பையைக் குறிக்கும் 'கேஸ்ட்ரோ'வோடு அழற்சியைக் குறிக்கும் 'ஐட்டிஸ்' சேர்ந்தால் கேஸ்ட்ரைட்டிஸ்.

படி 3: துண்டுகளை உடம்பில் தேடுங்கள். கிரேக்கத்தில் ஸ்டெர்னான் என்றால் மார்பு. க்ளெய்ஸ் என்றால் சாவி, இங்கே காறை எலும்பு. மாஸ்டோஸ் என்றால் முலை. காதுக்குப் பின்னால் அப்படிப் புடைத்திருக்கும் எலும்புக்குத்தான் அந்தப் பெயர். இப்போது தலையை வலப்பக்கம் திருப்பி, கழுத்தின் இடப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். கயிறு போல விறைத்து நிற்கிறதா? அதுதான். நெஞ்செலும்பிலும் காறை எலும்பிலும் புறப்பட்டுக் காதுக்குப் பின்னால் போய் முடிகிறது. சொல்லே வழி காட்டுகிறது.

படி 4: வாய்விட்டுச் சொல்லுங்கள். நாம் எல்லா அசையையும் ஒரே அழுத்தத்தில் சொல்லிவிடுவோம். இதில் 'மாஸ்' மட்டும் ஓங்கி வரவேண்டும். ஆங்கிலத்தில் 'இ, ஐ' (ei) சேர்ந்து வரும் இடம் 'க்ளை', 'க்ளீ' அல்ல.

அப்புறம், ஊமை எழுத்துகள். 'பி, டி' (pt) என்று தொடங்கினால் 'பி'யை விட்டுவிடுங்கள்: டெரிகாய்ட், அதாவது சிறகு போன்றது. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நான் 'பிடெரிகாய்ட்' என்று சொல்லி அசடு வழிந்திருக்கிறேன். 'சி, எச்' (ch) வந்தால் 'க': குருத்தெலும்பைக் குறிப்பது காண்ட்ரோ. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான டயஃப்ரம் என்பதில் 'ஜி' எழுத்தில் உண்டு, வாயில் கிடையாது.

வால் எலும்பான காக்சிக்ஸ் மட்டும் இந்தக் கத்தரிக்கு மசியாது. 'ஆய்ட்' வாலும் இல்லை, ஒட்டவைக்கும் 'ஓ'வும் இல்லை. கிரேக்கத்தில் அது குயிலினப் பறவையின் பெயர். எலும்பு அதன் அலகு போல வளைந்திருக்கிறதாம். இதைப் பேசாமல் மனப்பாடம் செய்துவிடுங்கள்.