பழைய துப்பறியும் நாவலா? கடைசித் தாளை முதலில் பாருங்கள்

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டிலோ அவென்யூ ரோடு நடைபாதையிலோ பழைய மர்ம நாவல் வாங்கினால், காசு கொடுக்கும் முன் கடைசித் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கையால் வரிகளை மறைத்துக்கொண்டு பக்க எண்ணை மட்டும் பார்த்தால் போதும். கொலைகாரன் யாரென்று கண்ணில் பட்டுவிடாது. எழுத்து முடிந்தபின் வெற்றுப் பக்கமோ பதிப்பகத்தின் விளம்பரமோ இருந்தால் முடிவு பெரும்பாலும் பத்திரம்.

நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்த தமிழ்ப் பாக்கெட் நாவல் என்றால் இன்னும் சுலபம். அந்தப் பின் தெரியும் நடுப்பக்கத்தைப் பிரித்து, இரண்டு பக்கமும் தாள்களை எண்ணுங்கள். முதல் தாளும் கடைசித் தாளும் ஒரே காகிதத்தின் இரு பாதிகள். அதனால் இரு பக்கமும் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். வலப்பக்கம் ஒன்று குறைந்தால் போச்சு, கிழிந்து போனது பெரும்பாலும் முடிவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு காகிதம் முழுசாகவே உருவி வந்திருந்தால் கணக்கு சரியாகவே வரும், எனவே பக்க எண்ணையும் ஒரு தடவை பாருங்கள்.

முதுகில் பசை போட்டு ஒட்டிய புத்தகத்துக்கு இந்தத் தாள் கணக்கு உதவாது. அதில் முதுகை லேசாக வளைத்து, தாள் கழன்று வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி. குற்றவாளி யாரென்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும் கதைக்கு இவ்வளவு கவலை வேண்டாம். விலை மலிவென்றால் கடைசித் தாள் இல்லாமலும் நான் வாங்குவேன்.