தோட்டத்து மயானத்தைச் சீரமைக்கப் பணம் சேர்க்கும் முன்

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் தம் முன்னோர் அடக்கமான இடத்தைத் தேடிச் செல்கிறவர்கள், பெயர் பொறித்த கல் ஒன்றாவது இருக்கும் என்ற எண்ணத்தோடுதான் பெரும்பாலும் அட்டனிலோ பதுளையிலோ வந்து இறங்குகிறார்கள். அங்கே அவர்கள் காண்பது, தேயிலைக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு சரிவும், இடுப்பளவு மானாப்புல்லும், யாரோ தலைமாட்டில் நட்டுவைத்த ஒரு குரோட்டன் செடியும்தான். 1867இல் லூல்கந்துரையில் தேயிலையை வணிகப் பயிராக நட்டு 1892இல் இறந்த ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை கண்டி மகியாவை மயானத்தில் இன்றும் நிற்கிறது. அந்த மலைகளில் நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தவர்களுக்குக் கல் வைக்கும் வசதி இருக்கவில்லை. 1820களிலிருந்து தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்து, வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பாதையிலேயே மடிந்தவர்களுக்கோ மயானமே இல்லை.

ஆகவே சீரமைப்பு என்பதை மதிலிலிருந்து தொடங்காமல் பெயர்களிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் கருத்து. யார் எங்கே கிடக்கிறார் என்று கைநீட்டிக் காட்டக்கூடியவர்கள் எண்பது வயதைக் கடந்தவர்கள். மதிலை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம். புறப்படுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் தோட்டத்தின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. பதிவேட்டில் இருக்கும் ஆங்கிலப் பெயர் வேறு, தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறாக இருக்கும். எந்த டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), எந்த லயம் (தொழிலாளரின் வரிசை வீடு), யார் கங்காணி (ஆட்களை மேற்பார்த்தவர்), தமிழகத்தில் எந்த ஊர் என்பவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பலர் மறந்துவிடும் இன்னொரு வழியும் உண்டு. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பக்கங்களில் வாழ்கின்றன. புதைத்த கைகள் அங்கே இருக்க, புதைகுழி மட்டும் இங்கே இருக்கிறது. தோட்டத்தில் புதிதாகக் குடியேறியவர்களுக்குத் தெரியாததை நீலகிரியில் இருக்கும் ஒரு பாட்டி தொலைபேசியிலேயே சொல்லிவிடக்கூடும்.

பயணத்துக்கு அட்டன், தலவாக்கலைப் பக்கம் சனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளை, பண்டாரவளைப் பக்கத்துக்கு சூன் முதல் ஆகஸ்ட் வரை நல்லது. மற்ற மாதங்களில் அட்டைக் கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டு செல்லுங்கள்.

இனி அனுமதி. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பெரிய தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாயின. 1992இலிருந்து கம்பெனிகள் அவற்றில் பெரும்பாலானவற்றை நடத்துகின்றன. நாம் “எங்கள் மயானம்” என்று சொல்லும் நிலத்துக்கு நம் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தொல்பொருள் சட்டம் இயல்பாகப் பாதுகாப்பது 1815 மார்ச் 2க்கு முற்பட்ட சின்னங்களை. நம்மவர் அதற்குப் பிறகு வந்தவர்கள் ஆதலால் அந்தக் குடையும் நம் தலைக்கு மேல் தானாக விரியாது. மயானத்தின் எல்லையைக் காட்டும் ஒரு வரைபடத்தோடு தோட்ட முகாமையாளருக்குக் கடிதம் எழுதி, அதன் பிரதிகளைப் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் கிராம அலுவலருக்கும் கொடுத்து, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். முன்பு தோட்டங்களுக்குள் செலவு செய்யப் பிரதேச சபைகளுக்குச் சட்டம் இடமளிக்கவில்லை. 2018 திருத்தத்துக்குப் பின் அந்தத் தடை நீங்கியதால், மயானத்துக்குச் செல்லும் பாதையையும் விளக்கையும் அவர்களிடமே கேட்கலாம், உங்கள் நிதியை அதில் கரைக்க வேண்டியதில்லை. நாங்கள் சில குடும்பத்தார் முதல்முறை பணம் சேர்த்தபோது, வாய்ப்பேச்சை நம்பி எழுத்து வருமுன்பே சீமெந்தை இறக்கிவிட்டோம். கடிதம் மழைக்குப் பின்னரே வந்தது. மூடைகள் அதற்குள் கல்லாகிவிட்டன. கல்லே இல்லாத மயானத்துக்கு நாங்கள் வைத்த முதல் கல் அதுதான்.

பணத்தை ஒரு தனியாளின் கணக்குக்கு, அவர் எவ்வளவு நல்லவராயினும், அனுப்பாதீர்கள்; அது அவரை ஊரின் சந்தேகத்துக்கு ஆளாக்கும். புதிய அமைப்பு தொடங்கினால் தொண்டு அமைப்புகளுக்கான 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டப் பதிவு முதலிய வேலைகள் உண்டு. அதைவிட, தோட்டத்தில் ஏற்கெனவே மரண உதவிச் சங்கமோ கோயில் பரிபாலன சபையோ இருந்தால், அதன் பெயரில் இருவர் கையொப்பமிடும் கணக்கு ஒன்று போதும். செலவு விபரத்தை மாதந்தோறும் கோயில் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். நன்கொடையாளரின் பட்டியலை ஒட்ட வேண்டாம். லயத்தில் இருப்பவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்திருப்பார், இலண்டனில் இருப்பவரின் தொகை அதன் மேலே நிற்கும். அந்தப் பட்டியல் அடுத்த சிரமதானத்துக்கு (ஊர் கூடிச் செய்யும் கூலியில்லா வேலைக்கு) ஆள் வராமல் செய்துவிடும். சேர்ந்த தொகையில் பாதியையாவது ஆண்டுதோறும் புல் வெட்டும் கூலிக்காக வைப்பில் இடுவது நல்லது. திறப்பு விழாப் படத்தோடு கைவிடப்பட்டு, மூன்றாம் ஆண்டில் மானாப்புல் மூடிய நுழைவாயில் வளைவுகள் மலையகத்தில் போதுமான அளவு உண்டு.

வேலை தொடங்கும்போது புல்லைக் கத்தியால் வெட்டுங்கள், வேரோடு பிடுங்காதீர்கள். 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்ததை அறிந்தவர்களுக்கு, சரிவில் மண்ணை இளக்குவது என்ன என்று சொல்லத் தேவையில்லை. புல்டோசர் வேண்டவே வேண்டாம்; மேடு தெரியாத இடத்திலும் ஆள் இருக்கிறார். தனித்து நிற்கும் செடியை யாரிடமும் கேட்காமல் வெட்டக் கூடாது, அதுவே சிலருக்குக் கல்லறை. கங்காணிமாருக்கும் கணக்குப்பிள்ளைமாருக்கும் கட்டிய பழைய கல்லறைகள் சில இருக்கலாம். அவை சுண்ணாம்புச் சாந்தில் கட்டியவையாயின் சீமெந்து பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல் உதிரும், சுண்ணாம்பே பூசுங்கள். எழுத்தைக் கம்பித் தூரிகையாலோ அமிலத்தாலோ தேய்க்காமல், தண்ணீரும் மென்தூரிகையும் கொண்டு கழுவி, காலைச் சாய்வெயிலில் படம் எடுத்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.

பெயர்ப் பட்டியலும் வரைபடமும் முடிந்ததும் ஒரு பிரதியைக் கோயிலிலும், ஒன்றைத் தோட்டத்துப் பாடசாலையிலும், ஒன்றை நீலகிரி உறவினரிடமும் கொடுத்துவையுங்கள். சிரமதானத்துக்குச் சம்பள நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமையைத் தோட்டத் தலைவரிடம் கேட்டுக் குறியுங்கள். காலைச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் சாயத்தேநீரும் உங்கள் செலவாக இருக்கட்டும்.