ஊரைச் சுத்தமாக வைத்திருக்க, முதலில் ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள்

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம், நானூறு வீடு இருக்கும். ஒரு அக்டோபர் 2 அன்று நாற்பது பேர் சேர்ந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து ஊருணி வரைக்கும் கூட்டிப் பெருக்கினோம், டிராக்டரில் மூணு நடை குப்பை போனது, மத்தியானம் எல்லோருக்கும் தக்காளி சாதம், போட்டோ எல்லாம் ஆனது. அடுத்த வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் ஊருணிக் கரையில் அதே இடத்தில் மறுபடியும் குப்பை. மனசு விட்டுப்போனது. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று நடந்திருக்கும், அல்லது நடத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் முழுக்க ஒரே நாளில் சுத்தம் செய்யாதீர்கள். ஒரே ஒரு இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோர் கண்ணிலும் தினமும் படுகிற இடமாக. அதைச் சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். யார் கொட்டுகிறார்கள், எந்த நேரத்தில், எதைக் கொட்டுகிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள், பேர் வேண்டாம். நாங்கள் எழுதியதில் தெரிந்தது இதுதான்: காலையில் ஆறு, ஆறரைக்கு வாசல் தெளித்த கையோடு பெண்கள் கொண்டுவருவது பாதி. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையின் இறகும் கழிவும் ஒரு பங்கு. ராத்திரியில் வருகிற பாட்டில்கள் மீதி. மூன்றும் மூன்று வேறு பிரச்சினைகள், ஒரே போர்டு எழுதி நட்டு எதுவும் தீராது.

ஒரு மதினியிடம் கேட்டேன், ஏன் இங்கே கொட்டுகிறீர்கள் என்று. "வேற எங்க கொழுந்தனாரே கொட்டச் சொல்றீக? வண்டி ஒம்பது மணிக்கு வருது, நான் எட்டு மணிக்கே களை எடுக்கப் போயிருறேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். தூய்மைக் காவலர் அக்கா வண்டியோடு தெருவுக்கு வருகிற நேரத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஊராட்சித் தலைவரிடம் பேசுவதற்கு முன்னால் அந்த அக்காவிடம் பேசினோம், அவருக்கும் வீட்டில் சோறு பொங்க வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும் இல்லையா. ஆறே காலுக்குத் தொடங்கி வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொள்வதாக அவரே சொன்னார். அந்த நேர மாற்றம் ஒன்றிலேயே ஊருணிக் கரைக் குப்பை பாதியாகக் குறைந்தது. ஆகவே உங்கள் ஊரில் வண்டி எத்தனை மணிக்கு வருகிறது என்பதை முதலில் பாருங்கள்.

அப்புறம், மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று டவுனில் சொல்கிற பாடத்தை அப்படியே கிராமத்தில் சொல்லாதீர்கள். நம் ஊரில் காய்கறித் தோலும் கழுநீரும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போய்விடுகிறது, சாணமும் இலைதழையும் குப்பைக்குழிக்குப் போகிறது. மிச்சம் நிற்பது பால் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், பிள்ளைகள் தின்கிற சிப்ஸ் கவர், டயப்பர், நாப்கின், கண்ணாடி. ஆகவே வீட்டுக்கு ஒரு பழைய அரிசிச் சாக்கு போதும், கொல்லைச் சுவரில் ஆணி அடித்து மாட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் எல்லாம் அதில். பால் பாக்கெட்டின் முனையைத் தனியாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி கீறிவிட்டு, ஒரு கை தண்ணீர் விட்டு அலசி, கொடியில் காயப்போட்டு சாக்கில் போட்டால் நாற்றமே வராது.

ஏன் அலச வேண்டும் என்று கேட்பார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் பிளாஸ்டிக்கை ரோடு போடப் பயன்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார், 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லி மேல் தூவினால் அது உருகி ஜல்லியில் படிந்துகொள்ளும், அதன் மேல் தார் கலப்பார்கள். மண்ணும் ஈரமும் அப்பிய கவர் அதற்கு ஆகாது. பக்கத்து மதுரையில் பிறந்த முறை இது என்று சொன்னபோது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்கள், வீட்டில் போய் அம்மாவிடம் சொன்னதும் அவர்கள்தான். பாட்டில், எண்ணெய் கேன், அட்டைப்பெட்டி எல்லாம் பழைய இரும்புக் கடைக்காரரே எடுத்துக்கொள்வார். மெல்லிசுக் கவரைத்தான் யாரும் வாங்க மாட்டார்கள், அதைச் சேர்த்துவைத்து ஒன்றியத்தில் பிளாஸ்டிக் அரவை எங்கே நடக்கிறது என்று விசாரித்து அனுப்புங்கள். தயவுசெய்து கொளுத்தாதீர்கள். சாயங்காலம் தெருவில் எரிகிற அந்தப் புகையைக் கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரரும்தான் முதலில் இழுக்கிறார்கள்.

கண்ணாடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாள் அந்த அக்கா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, உள்ளங்கையில் சேலை முந்தானையைச் சுருட்டி அழுத்திக்கொண்டு நின்றார். முந்தானையில் ரத்தம் ஊறிக்கொண்டே வந்தது. உடைந்த டியூப் லைட்டை யாரோ சோற்றுக் கவருக்குள் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அன்றைக்கே முடிவு செய்தோம்: கண்ணாடியும் பிளேடும் தனி டப்பாவில், நாப்கினும் டயப்பரும் பேப்பரில் சுற்றி மேலே சிவப்புக் கோடு போட்டு. கையுறையும் பூட்சும் ஊராட்சியிலிருந்து வரும் வரைக்கும் காத்திருக்காமல் ஊரிலேயே காசு போட்டு வாங்கிக் கொடுத்தோம். கையுறை சீக்கிரம் கிழிந்துபோகும், ஒரு முறை வாங்கிக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள்.

பாட்டிலுக்கு ஒரு வழி இருக்கிறது. காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தருகிற ஏற்பாடு 2022-ல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. உங்கள் பக்கம் அது நடைமுறையில் இருந்தால் நாலு பேருக்குச் சொல்லுங்கள், முழு பாட்டிலாகவே பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள், உடைந்து வயலில் கிடக்காது. கறிக்கடைக்காரரிடம் சண்டை போடாதீர்கள், ஆழமாக ஒரு குழி, அதற்கு மூடி, மேலே போட மண்ணும் சுண்ணாம்பும். நாய்த் தொல்லையும் சேர்ந்து குறையும்.

சரி, இடம் காலியானதும் அதை அப்படியே சும்மா விடக் கூடாது. காலி இடம் என்றால் கொட்டத்தான் தோன்றும். நாங்கள் சாணி தெளித்து மெழுகிக் கோலம் போட்டோம், தினமும் ஒரு வீடு முறை வைத்து, மார்கழி முழுக்க. கோலத்தின் மேல் குப்பைக் கூடையைக் கவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. தை பிறந்ததும் அங்கே இரண்டு கல் பெஞ்சு போட்டோம், இப்போது பெருசுகள் அங்கேதான் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

சாக்கடை தேங்கினால் வீட்டுக்கு ஒரு உறிஞ்சுகுழி தோண்டுங்கள், நாலடிக்கு நாலடி, ஆழமும் நாலடி. அடியில் பெரிய கல், அதற்கு மேல் சின்னக் கல், அதற்கு மேல் ஜல்லி, தண்ணீர் விழுகிற இடத்தில் ஓட்டை போட்ட பானையில் தேங்காய் நார். நாரைத்தான் அடிக்கடி மாற்ற வேண்டும், கொழுப்பும் சோப்பும் அதில்தான் அடைக்கும். பக்கத்தில் வாழையோ கல்வாழையோ வையுங்கள். குடிநீர்க் கிணறு, போர்வெல் பக்கத்தில் மட்டும் தோண்டவே கூடாது. நூறு நாள் வேலையில் இந்தக் குழிகளைப் பல ஊர்களில் போட்டிருக்கிறார்கள், உங்கள் ஊராட்சியிலும் கேட்டுப்பாருங்கள். கொட்டாங்குச்சி, டயர், தொட்டியில் நிற்கிற தண்ணீரை வாரம் ஒரு தடவை கொட்டிவிட வேண்டும், டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கிற வரைக்கும் ஆகிற காலம் ஏறக்குறைய அவ்வளவுதான். கொட்டினால் மட்டும் பத்தாது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், ஒட்டிக்கொண்டிருக்கிற முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் சாகாது.

மரக்கன்றை ஆடியில் நட்டுவிட்டு அவஸ்தைப்படாதீர்கள். நம் பக்கம் ஐப்பசி மழைதான் மழை, அது பிடித்ததும் நடுங்கள். வேம்பு, புங்கன், பூவரசு தெருவுக்கு, கண்மாய்க் கரைக்கு மருதமும் நாவலும். குழி இரண்டடிக்கு இரண்டடி. ஆட்டுக்கு எட்டாமல் சீமைக்கருவேல முள்ளைச் சுற்றிக் கட்டுங்கள், அதற்காவது அந்த முள் உதவட்டும். பத்து கன்று நட்டு இரண்டு கோடை தண்ணீர் ஊற்ற ஆள் இருந்தால் பத்து மட்டும் நடுங்கள், நூறு வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஊர் என்றால் காலனித் தெருவும் ஊர்தான். எங்கள் ஊரில் முதல் இரண்டு மாதம் பெஞ்சும் மரமும் பஸ் ஸ்டாப் பக்கமே போனது, வாய்க்கால் அடைத்துக் கிடந்ததோ கடைசித் தெருவில். அந்தத் தெருப் பெண் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "கூட்டறதுக்கு மட்டும் எங்களக் கூப்புடுவீக" என்றார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, சொல்லவும் பதில் இல்லை. அடுத்த வேலை அந்த வாய்க்கால்தான் என்று அங்கேயே முடிவானது, மண்வெட்டி பிடிக்க எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் வர வேண்டும் என்றும். உங்கள் ஊரில் அங்கிருந்தே தொடங்குங்கள்.

பணத்துக்கும் உத்தரவாதத்துக்கும் கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வண்டி நேரம், குப்பைக்குழி, கையுறை என்று ஒவ்வொன்றையும் தனித் தீர்மானமாகக் கேளுங்கள். எழுதியதை அங்கேயே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். கோயில் கொடைக்கு முந்தின கூட்டத்தில் அன்னதானத்துக்கு வாழை இலை, தண்ணீருக்கு டம்ளர் என்று பேசி வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1-லிருந்து தமிழ்நாட்டில் தடை, ஆனாலும் யாராவது முன்கூட்டிச் சொல்லவில்லை என்றால் சமையல் ஆட்கள் அதைத்தான் கொண்டுவந்து இறக்குவார்கள். இலை எடுக்க நாலு இளவட்டத்தையும், அந்த இலையை மாட்டுக்குக் கொண்டுபோக இரண்டு மாட்டுக்காரரையும் முதல் நாளே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.