ஹை-ஃபை செட்டை மாற்றிக்கொண்டே இருப்பதை எப்போது நிறுத்துவது?

சிங்கப்பூரின் அடெல்ஃபி கட்டடத்து ஹை-ஃபை கடைகளில் புது ஆம்ப்ளிஃபயரை (ஒலியைப் பெருக்கும் கருவி) கேட்டதும் ஆசை வரும், சரி, முதலில் வீட்டு அறையைக் கவனியுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் ஒலியைத் திருப்பி அடிப்பதால், ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் போட்டு, ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வைத்தாலே குரல் தெளியும், பாஸும் (அடித்தள ஒலி) அடங்கும். ஆம்ப்ளிஃபயரின் வாட்ஸ் இரட்டிப்பானாலும் ஒலியில் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம்தான் கூடுதலாகக் கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும் நேரத்தில் கேட்க 200 வாட்ஸ் எதற்கு?

அப்புறமும் மனசு கேட்கவில்லையா? கடைக்காரர் சம்மதித்தால் புது ஆம்ப்ளிஃபயரை வீட்டுக்குக் கொண்டுவந்து, பழையதையும் புதியதையும் ஒரே ஒலி அளவில் வைத்து (கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதே காதுக்கு நல்லதாகப் படும், இது முக்கியம்), எது ஓடுகிறது என்று சொல்லாமல் நண்பரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்தில் ஒன்பது முறையாவது சரியாகச் சொல்ல முடியவில்லையென்றால் வாங்காதீர்கள்.