பப்மெட்டில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் முதலில் திறப்பது, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் இலவசமாக வழங்கும் பப்மெட் தரவுத்தளத்தைத்தான். தேடல் பெட்டியில் இரண்டு சொற்களை இட்டு, முதல் பக்கத்தில் வரும் 10 கட்டுரைகளோடு நிறுத்திக்கொள்வதைவிட, நாம் இட்ட சொற்களைத் தளம் எப்படிப் புரிந்துகொண்டது என்று பாராமல் விடுவதே பெரிய தவறு என்பேன்.

‘ஹார்ட் அட்டாக்’ என்று ஆங்கிலத்தில் மேற்கோள்குறி இல்லாமல் இட்டால், பப்மெட் அதை ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ (மாரடைப்பின் மருத்துவப் பெயர்) என்ற மெஷ் பொருள்தலைப்போடு, அதாவது கட்டுரைகளுக்கு நூலகம் சூட்டும் நிலையான பொருட்பெயரோடு, தானாகவே இணைத்துத் தேடுகிறது. துல்லியம் வேண்டுமென்று இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்டாலோ அந்த இணைப்பு அறுந்து, அதே சொற்றொடர் உள்ள பதிவுகள் மட்டுமே கிடைக்கும். மாரடைப்பைப் பற்றிய நல்ல ஆய்வுகள் பலவற்றில் அந்தப் பேச்சுவழக்குச் சொல்லே இராது. மெஷ் தலைப்பை மட்டும் நம்புவதும் சரியன்று, ஏனெனில் தலைப்பு இன்னும் சூட்டப்படாத புதிய பதிவுகள் அதில் சிக்கா. மெஷ் தலைப்பு, சாதாரணச் சொல் இரண்டையும் ‘ஆர்’ (அல்லது) என்ற இணைப்புச்சொல் கொண்டு இணைத்துத் தேடிவிட்டு, ‘அட்வான்ஸ்டு’ பக்கத்தில் தேடல் விவரத்தை விரித்துப் படிப்பதே பாதுகாப்பான வழி.

‘அண்ட்’ (இரண்டும் இருக்க வேண்டும்), ‘ஆர்’ இரண்டும் கலந்து வரும்போது அடைப்புக்குறி இடாவிட்டால், பப்மெட் இடமிருந்து வலமாகவே அவற்றைச் செயல்படுத்தும், பொருள் தலைகீழாகிவிடலாம். விலக்கப் பயன்படும் ‘நாட்’ இன்னும் ஆபத்தானது. விலங்காய்வுகளை நீக்க ‘நாட் அனிமல்ஸ்’ என்று எழுதினால், மனிதர், விலங்கு என்ற இரு குறிப்புகளும் சேர்ந்துள்ள ஆய்வுகளும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். விலங்கு மட்டும் உள்ளவற்றை நீக்கும்படி, ‘ஹியூமன்ஸ்’ உள்ளவற்றை அடைப்புக்குறிக்குள் விலக்கி, ‘நாட் (அனிமல்ஸ் நாட் ஹியூமன்ஸ்)’ என்று எழுத வேண்டும்.

ஒருமுறை தேர்ந்த வடிகட்டி (ஃபில்டர்) அடுத்த தேடலிலும் தொடரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இலவச முழுப்பாடம் உள்ளவற்றை மட்டும் எடுப்பது வசதிதான், ஆனால் சான்றுகளில் ஒரு பகுதியைப் படிக்காமலே தள்ளிவிடுவதாகும்.

கூகுள் ஸ்காலரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். எனினும் ஒரு தேடலுக்கு முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் அது காட்டாததால், ஒரு கேள்விக்கான ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி அலசும் முறையான மீளாய்வுக்கு அது ஒன்றே போதாது.

மேற்கோள் காட்டுமுன் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பது கட்டாயம். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி 1998இல் ‘லான்செட்’ மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது. பப்மெட் அதன் பதிவின் மேலேயே அந்த அறிவிப்பைக் காட்டுகிறது. பழைய பிடிஎஃப்பைக் கைமாற்றாகப் பெற்றவருக்கு அது தெரியாமலே போகலாம்.