கறுப்பாகப் பிடிக்கும் மருதாணியும் முகத்தில் தேய்க்கும் எலுமிச்சையும்

என் சித்தி மகள் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில், மருதாணி போட வந்திருந்தவரிடம் கையை நீட்டினாள். "ஒரு மணி நேரம் போதும்மா, நல்லா கறுப்பா பிடிக்கும்" என்றார் அவர். சொன்னபடியே பிடித்தது. பத்து நாள் கழித்து நிறம் மங்கிக்கொண்டு வந்தபோது, அதே மாங்காய் டிசைன் தோலில் மறுபடி எழும்பியது, கொப்புளமாக. ஒரு சுழிகூட விடாமல் கோட்டுக்குக் கோடு அப்படியே. இனித் தலைக்கு டை பக்கமே போகக்கூடாது, வாழ்நாள் முழுக்க, என்று தோல் மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

"மருதாணியா இப்படிப் பண்ணும்?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அது வெறும் மருதாணி இல்லை. மருதாணி இலையில் லாசோன் என்ற சாயம் இருக்கிறது. அது தோலிலும் முடியிலும் உள்ள கெரட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அம்மியில் அரைத்து ராத்திரி வைத்துக்கொண்டால், காலையில் உதிர்த்ததும் ஆரஞ்சாகத்தான் தெரியும். ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாக ஏறும். அதற்கு மேல் கறுப்பாகாது. ஒரு மணி நேரத்தில் கறுக்கிறது என்றால் அதில் பெரும்பாலும் பாரா ஃபீனைலீன் டையமின், சுருக்கமாக பிபிடி, கலந்திருக்கிறது. தலைமுடி டையில் சேர்க்கிற பொருள் அது. ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் உடம்பு அதை மறப்பதே இல்லை. தலைக்குப் போடும் 'கறுப்பு ஹென்னா' பாக்கெட்டுகள் பலவற்றிலும் இதுதான் வேலை செய்கிறது. முன்பக்கத்துப் பச்சை இலைப் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

தோட்டத்து இலையாகவே இருந்தாலும் கைக்குழந்தைக்கு மட்டும் வைக்க வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, தோல் வழியாக உள்ளே போகும் லாசோனே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அந்தக் குறைபாடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரிந்திருக்காது.

எலுமிச்சைக்கு வருவோம். முகம் கறுத்துவிட்டது என்றால் அரை மூடியை அப்படியே தேய்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். எனக்கு மனசு பதறுகிற இடம் இதுதான். தோலின் இயல்பான அமிலத்தன்மை பி.எச். அளவில் 5-ஐ ஒட்டி இருக்கும். எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று அர்த்தம். எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. இது முதல் தொல்லை. இன்னொன்று, எலுமிச்சையின் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃப்யூரனோகூமரின் என்ற பொருள். அது படிந்த இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். அதுவும் உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவக்கும், கொப்பளிக்கும். ஆறிய பிறகு அங்கே கரும்படை விழுந்து மாதக்கணக்கில் நிற்கும். கறுப்பு போகத் தேய்த்தது கறுப்பைக் கொண்டுவந்து விடும். எலுமிச்சையைச் சாதத்துக்குப் பிழியுங்கள், முகத்துக்கு வேண்டாம்.

சோற்றுக்கற்றாழையில் பிரச்சினை எளிது. மடலை நறுக்கியதும் வடிகிற மஞ்சள் பாலில் அலோயின் என்ற பொருள் இருக்கிறது, பூசும்போது வரும் அரிப்புக்கு அதுதான் காரணம். கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, நன்றாகக் கழுவி, நடுச்சோற்றை மட்டும் எடுங்கள்.

தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சூரியகாந்தி எண்ணெயிலும் மினரல் ஆயிலிலும் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆக, பாட்டி சொன்னது சரி. ஆனால் பொடுகு இருக்கிற தலையில் ராத்திரி முழுக்க எண்ணெயை ஊறவிடாதீர்கள். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி. அப்புறம், எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சிக் குழந்தைக்குத் தேய்க்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரை கொண்டுபோகும்.

சீயக்காயைச் சலித்துவிட்டுக் கரையுங்கள், திப்பி உச்சந்தலையைக் கீறும். கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், நாள்கணக்கில் வைத்தால் கிருமி சேரும்.

புதிதாக எதைப் பூசுவதானாலும் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு தடவி இரண்டு நாள் பாருங்கள். "எரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எரிந்தால் உடனே தண்ணீரில் கழுவுங்கள். கொப்பளித்தால் மேலே மஞ்சளோ சந்தனமோ அப்பாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். பூசிய பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். என் சித்தி மகளிடம் மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான். அவளிடம் காட்ட ஒன்றுமில்லை.