25 காசும் பழைய தேக்கும்: இழுப்பறைக் குமிழ் செய்யும் முறை

கருவிப்பெட்டி ஒன்றைச் செய்து முடித்தபின், அதன் ஆறு இழுப்பறைகளுக்கும் கடையில் கிடைத்த குமிழ்கள் எதுவும் பிடிக்காமல், வீட்டிலிருந்த 25 காசு நாணயங்களையும் பழைய மரக்கடையில் வாங்கிய தேக்குக் கதவு நிலைத் துண்டையும் கொண்டு, மரத்தின் முகப்பில் நாணயத்தைப் பதித்து நானே செய்துகொண்டேன். முதல் முறை செய்த நான்கும் வீணாயின. எங்கே பிழைத்தேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நாணயம். புழக்கத்திலுள்ள நாணயத்தை உருக்குவதும் அழிப்பதும் 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி குற்றம். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவையாகிவிட்டதால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்; 50 காசு இன்னும் செல்லும் என்பதால் அதைத் தொட வேண்டாம். தாத்தா வைத்திருந்த பிரிட்டிஷ் காலத்து வெள்ளி ரூபாய் கையில் இருந்தால், அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். எனக்கு ஏற்றதாகப்படுவது 1988 முதல் 2002 வரை வந்த, காண்டாமிருகம் பொறித்த எஃகு நாணயம்தான். அது துருப்பிடிக்காது, அதன் விட்டம் 19 மி.மீ என்பதால் 19 மி.மீ போர்ஸ்ட்னர் பிட் (அடி தட்டையான வட்டக் குழி எடுக்கும் துளையலகு) எடுக்கும் குழிக்குள் அளவெடுத்துத் தைத்ததுபோல் அமரும். சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். புளி போட்டுத் தேய்ப்பதெல்லாம் பித்தளைக்குத்தான்.

அடுத்து ஒரு காந்தம் வேண்டும். செயலிழந்த கணினி ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே பிறை வடிவில் இரண்டு காந்தங்கள் இருக்கும். விரல் சதையைக் கவ்விவிடும் அளவுக்கு வலுவானவை, கவனம் தேவை. இந்த வேலையில் அது மூன்று இடங்களில் பயன்படுகிறது. எஃகு 25 காசு அதில் ஒட்டும், அதற்கு முந்தைய செம்பு-நிக்கல் 25 காசு ஒட்டாது. ஆகவே நாணயங்களைப் பிரித்துவிடலாம். பழைய மரத்தின் மேல் மெதுவாக நகர்த்தினால், தலை ஒடிந்து உள்ளே தங்கிவிட்ட ஆணி இருக்குமிடத்தில் கை இழுபடும். இதைச் செய்யாமல் இழைப்புளியை ஓட்டி நான் ஒரு அலகைக் கெடுத்திருக்கிறேன். மூன்றாவது பயன் பின்னால் வருகிறது.

மரத்தை 32 மி.மீ அகலமும் 20 மி.மீ கனமும் கொண்ட நீளச் சட்டமாக இழைத்துக்கொள்ளுங்கள். குமிழ்களைத் தனித்தனியாக வெட்டிவிட்டுப் பிறகு துளையிட முயலாதீர்கள். சிறிய துண்டு கிளாம்ப்பில் நிற்காமல் சுழலும். சட்டத்திலேயே 40 மி.மீக்கு ஒன்றாக மையங்களைக் குறித்து, நாணயத்தின் கனத்தை வெர்னியரில் அளந்து, அதைவிட அரை மி.மீ கூடுதலான ஆழத்துக்குக் குழியெடுங்கள். என் நாணயங்களுக்கு ஏறத்தாழ 2 மி.மீ ஆயிற்று. டிரில் ஸ்டாண்டு இல்லாமல் கையில் பிடித்தபடி இந்தப் பிட்டை ஓட்டினால் தொடங்கும்போதே வழுக்கி, விளிம்பைக் கிழித்துவிடும். விலை குறைவு என்று தட்டை பிட்டை வாங்குகிறவர்களும் உண்டு. அதன் கூர்முனை ஆழமாக இறங்கும், குழியின் அடியும் சீராக வராது. நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி என்னைத் தடுக்கிவிட்ட இடம். குழியில் பசை விட்டு நாணயத்தை அழுத்தி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் இரண்டு நாணயங்கள் ஒருபக்கம் எழும்பி, சரியாக மூடாத டப்பா மூடிபோல் நின்றன. குழி அவ்வளவு இறுக்கமாக இருந்ததால் அடியில் சிக்கிய காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது நாணயத்தை மேலே தள்ளியிருக்கிறது. மற்ற இரண்டில் அவசரத்துக்கு உடனடிப் பசையைப் பயன்படுத்தியிருந்தேன். அதன் ஆவி படிந்து காண்டாமிருகம் வெள்ளை பூத்துவிட்டது.

தீர்வு எளியது. குழியெடுத்தபின், பிட்டின் முனை விட்டுச்சென்ற நடுப்புள்ளியிலிருந்து மரத்தின் பின்பக்கம் வரை 2.5 மி.மீ துளை ஒன்றைப் போட்டுவிடுங்கள். காற்று அதன் வழியே போய்விடும், பிறகு இழுப்பறையின் உட்பக்கத்திலிருந்து குமிழுக்குள் முடுக்கும் திருகாணிக்கும் அதுவே வழியாகும். இந்த வரிசையை மாற்றக் கூடாது: சிறு துளையை முதலில் போட்டால் பெரிய பிட்டின் முனைக்குப் பற்றுக்கோடு இருக்காது.

இப்போது நாணயத்தைப் பசையில்லாமல் வைத்துப் பாருங்கள். இறுகிக்கொண்டு நகத்துக்கு அகப்படாது. காந்தத்தை மேலே வைத்துத் தூக்கினால் வந்துவிடும். பிறகு துண்டுகளாக அறுத்து, விரல் பிடிக்க வசதியாகப் பின்பக்கம் சற்றுக் குறுகும்படி அரத்தால் சரித்து, உப்புத்தாளை 120, 220 என்று மாற்றித் தேயுங்கள். தேய்ப்பு முழுவதும் முடிந்த பின்னரே ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாணயத்தில் கீறல் விழும். ஒட்டுவதற்கு இரண்டு குழாய்களில் வரும் அரால்டைட் போதும். அதையும் விளிம்போரம் மட்டும் ஊசிமுனையால் வளையமாகத் தடவுங்கள், நடுத்துளைக்குள் போகக் கூடாது. மறுநாள் ஆளிவிதை எண்ணெய் பூசலாம். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்துங்கள்; சுருட்டிய துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

பிற்சேர்க்கை: திருகாணியை முடுக்கும்போது நாணயம் பெயர்ந்து விழுந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். அவர் 32 மி.மீ ஆணியைப் பயன்படுத்தியிருக்கிறார். இழுப்பறையின் முகப்புப் பலகை 12 மி.மீ என்றால், மீதி 20 மி.மீ குமிழுக்குள் ஏறும். ஆனால் நாணயத்துக்குக் கீழே உள்ள மரமோ 18 மி.மீதான். 25 மி.மீ ஆணி போதும், உங்கள் பலகை மெல்லியதென்றால் அதையும் குறையுங்கள்.

மற்றொருவர் 5 காசு அலுமினிய நாணயத்தைப் பதிக்க முடியுமா என்று கேட்டார். முடியும்; ஆனால் அது சதுரமானது, பென்சிலால் சுற்றி வரைந்து உளியால் குழியெடுக்க வேண்டும். காந்தமும் உதவாது. வைத்துப் பார்க்கும்முன் குழியின் குறுக்கே ஒரு தையல் நூலைப் போட்டுவிடுங்கள், இரு முனையையும் பிடித்து இழுத்தால் நாணயம் மேலே வந்துவிடும்.